விடுவிக்கப்பட்ட மறுநாள் அந்தச் சிறுவன் யாருடைய பொறுப்பு?

ஐரோப்பிய உதைபந்தாட்டப் பருவகாலம் ஒவ்வோர் ஆண்டும் நிறைவுக்கு வரும்போது கிண்ணங்களை ஏந்திய வீரர்களின் படங்கள் எமது நாட்டுப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களையும் நிறைத்து விடுகின்றன. அதே வாரங்களில் இங்கிலாந்துக் கழகங்கள் இன்னொரு பட்டியலையும் வெளியிடுவது வழக்கம். தக்கவைத்துக் கொள்ளப்படுவோர், விடுவிக்கப்படுவோர் என இரு பிரிவுகளைக் கொண்டது அது. இரண்டாவது பிரிவில் இடம்பெறும் பெயர்களில் பலவற்றை எவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவை பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்களின் பெயர்கள். ஒன்பது வயதில் தொடங்கிய ஒரு பயணம் அந்த ஒற்றை வரியுடன் முடிவடைந்து விடுகின்றது.

இளம் விளையாட்டு வீரர்களின் உளநலம் பற்றி அண்மைக் காலத்தில் உலகெங்கும் அதிகம் பேசப்படுகின்றது. தோல்வியைத் தாங்கும் மனவலிமை, போட்டிக்கு முந்திய பதற்றம், சமூக வலைத்தளங்களின் வசைமொழிகள் என்று பேச்சு பல திசைகளிலும் விரிகின்றது. இவை யாவும் முக்கியமானவையே. ஆயினும் மிகப் பெரிய காயம் ஏற்படுவது மைதானத்தில் அல்ல, மைதானத்தின் வாயில் மூடப்படும் வேளையில்தான் என்பதே எமது கணிப்பாகும். அந்த வேளைக்குப் பின்னர் அந்த இளைஞனுக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு உதைபந்தாட்ட உலகம் இன்னமும் சரியான விடையைத் தரவில்லை.

இங்கிலாந்தின் இளையோர் பயிற்சியகங்கள் இயங்கும் முறையை அறிந்து கொண்டால் இதன் பாரதூரம் விளங்கும். ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலிருந்து சிறுவர்கள் கழகங்களில் முறைப்படி பதிவு செய்யப்படுகின்றனர். அதற்கு முன்னரே, ஆறு ஏழு வயதிலேயே, கழகங்களின் கண்கள் அவர்கள் மீது விழுந்து விடுகின்றன. 2012 ஆம் ஆண்டில் பிரிமியர் லீக் நிர்வாகம் புதியதொரு இளையோர் அபிவிருத்தித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. பயிற்சியகங்கள் தரம் பிரிக்கப்பட்டன. முதல்தரப் பயிற்சியகங்களில் ஒரு பிள்ளை பெறும் பயிற்சி நேரம் முன்னர் இருந்ததைவிடப் பெருமளவில் அதிகரிக்கப்பட்டது. வீட்டிலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலப் பயணத் தூரத்துக்குள் இருக்கும் கழகத்திலேயே சிறுவர்கள் சேர்க்கப்பட வேண்டும் என முன்னர் இருந்த வரம்பும் தளர்த்தப்பட்டது. பதினாறு வயதில் ஒரு வடிகட்டல். தேறுவோருக்கு இரண்டு ஆண்டுப் பயிலுநர் ஒப்பந்தம். பதினெட்டில் இன்னொரு வடிகட்டல். அதிலும் தேறுவோருக்கே தொழில்முறை ஒப்பந்தம். இந்தப் பயிற்சியகங்களில் ஏக காலத்தில் பதிவு பெற்றிருப்போர் பத்தாயிரம் பேர் வரையில் என்று கொண்டால், பிரிமியர் லீக்கில் நிலையான இடம் பிடிப்போர் அவர்களுள் விரல் விட்டு எண்ணத்தக்க சிலரே.

எமது வாசகர்களுக்கு இதனை விளக்க ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையை நினைவூட்டலாம். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு குடும்பத்தின் கௌரவத்தையே சுமத்தும் அந்தப் பரீட்சை பற்றி இப்பத்தியில் முன்னரும் எழுதியுள்ளோம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. புலமைப்பரிசிலில் சித்தியடையாத பிள்ளை அடுத்த தவணையிலும் அதே நண்பர்களுடன் ஏதோ ஒரு வகுப்பறையில் அமர்கின்றது. பயிற்சியகத்திலிருந்து விடுவிக்கப்படும் சிறுவனோ நண்பர்கள், பயிற்றுநர், சீருடை, நாளாந்த நேர ஒழுங்கு, ஊரில் தனக்கிருந்த பெயர் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் இழக்கின்றான். அதுவரை அவனது நிறையையும் ஓட்ட வேகத்தையும் உறக்க நேரத்தையும் நாள் தவறாது பதிவு செய்த கழகத்துக்கு, அடுத்த வாரம் அவன் எங்கே இருக்கின்றான் என்பது கூடத் தெரியாது.

இது வெறும் ஊகம் அல்ல. பிரித்தானியாவின் டீசைட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வொன்று, பயிற்சியகங்களிலிருந்து விடுவிக்கப்பட்ட 15 முதல் 18 வயதுவரையான வீரர்களின் மனநிலையை விடுவிப்புக்கு முன்னரும் பின்னரும் அளவிட்டது. விடுவிக்கப்பட்டு மூன்று வாரங்கள் கழிந்த நிலையில் அவர்களுள் அரைவாசிக்கும் மேற்பட்டோர் மருத்துவ கவனிப்புத் தேவைப்படும் அளவிலான உள நெருக்கீட்டைக் கொண்டிருந்தனர். ஆய்வு சிறியது; நூறு பேருக்கும் குறைவானவர்களே அதில் பங்குபற்றினர். ஆயினும் மூன்று வாரங்கள் என்ற அந்தக் கால அளவு ஊன்றி நோக்கத்தக்கது. முதல் சில நாட்களில் உறவினர் வருவர், நண்பர்கள் ஆறுதல் கூறுவர், வேறு கழகங்களில் பரீட்சார்த்த வாய்ப்புக் கிட்டலாம் என்ற நம்பிக்கையும் இருக்கும். மூன்றாவது வாரமளவில் இவையெல்லாம் ஓய்ந்து விடுகின்றன. அவன் தனித்து விடப்படுவது அப்போதுதான்.

2020 ஒக்டோபரில் மன்செஸ்டர் சிட்டி கழகத்தின் பயிற்சியகத்திலிருந்து முன்னர் விடுவிக்கப்பட்டிருந்த 18 வயது இளைஞர் ஒருவர் தனது உயிரை மாய்த்துக் கொண்டார். மலாவியில் பிறந்து சிறு வயதில் இங்கிலாந்தில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். காயமொன்று அவரது முன்னேற்றத்தைத் தடைப்படுத்தியிருந்தது. தமது மகனுக்குக் கிடைத்த ஆதரவு போதுமானதாக இருக்கவில்லை என்ற ஆதங்கத்தைப் பெற்றோர் மரண விசாரணையின்போது வெளியிட்டனர். எந்தவொரு தற்கொலைக்கும் ஒரேயொரு காரணத்தைச் சுட்டிக் காட்டுவது தவறு. மருத்துவர்கள் இதனைத் திரும்பத் திரும்பக் கூறி வருகின்றனர். ஒரு கழகத்தின் மீது பழி சுமத்துவதும் எமது நோக்கமல்ல. ஆனால் அந்த மரணத்தின் பின்னர்தான் விடுவிக்கப்படும் இளைஞர்கள் குறித்த பேச்சு இங்கிலாந்தில் உரத்து ஒலிக்கத் தொடங்கியது என்பதை மறுப்பதற்கில்லை.

விடுவிக்கப்படாது உச்சத்தை எட்டியவர்களின் நிலை என்ன? அவர்கள் வென்றவர்கள், அவர்களுக்கு என்ன குறை என்றுதான் எவரும் எண்ணுவர். தொழில்முறை வீரர்களின் சர்வதேச சங்கமான பிப்ப்ரோ 2015 இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடிக் கொண்டிருந்த 607 வீரர்களுள் 38 வீதமானோர் மனச்சோர்வு அல்லது பதகளிப்பின் அறிகுறிகளை வெளிப்படுத்தியிருந்தனர். ஓய்வு பெற்ற 219 பேரிடையே அது 35 வீதமாக இருந்தது.

இந்த இலக்கங்களுக்குப் பின்னால் இருக்கும் முகங்களுள் ஒன்று டெலே அலியினுடையது. பதினாறு வயதில் மில்டன் கீன்ஸ் டொன்ஸ் கழகத்தின் முதல் அணிக்காகக் களமிறங்கியவர். இங்கிலாந்தின் சிறந்த இளம் வீரர் விருதை 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சியாக வென்றவர். 2018 உலகக் கிண்ணத்தில் சுவீடனுக்கு எதிரான காலிறுதியில் கோல் போட்டவர். பின்னர் அவரது ஆட்டம் சரிந்தது. செல்வம் தலைக்கேறி விட்டது, உழைப்பதில்லை என்று விமர்சகர்கள் எழுதினர். டொட்டன்ஹாம் கழகத்தின் அந்நாளைய பயிற்றுநர் ஜோசே மொரின்யோ அவரைச் சோம்பேறி என அழைத்த காட்சி, ஆவணப்படத் தொடரொன்றின் மூலம் உலகமெங்கும் காட்டப்பட்டது.

2023 ஜூலையில், 27 வயதில், அலி முன்னாள் வீரர் கரி நெவில்லுக்கு வழங்கிய நேர்காணலில் தன் கதையைக் கூறினார். ஆறு வயதில் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானமை, எட்டு வயதில் போதைப்பொருள் விற்கச் செய்யப்பட்டமை, பன்னிரண்டு வயதில் வேறொரு குடும்பம் தன்னைத் தத்தெடுத்துக் காத்தமை, பிற்காலத்தில் தூக்க மாத்திரைக்கு அடிமையானமை, 24 வயதிலேயே விளையாட்டை விட்டு விலக எண்ணியமை, இறுதியில் அமெரிக்காவிலுள்ள சிகிச்சை நிலையமொன்றில் ஆறு வாரங்கள் தங்கியமை ஆகிய அனைத்தையும் கண்ணீரோடு வெளியிட்டார். மொரின்யோ ஒரு வாரத்தின் பின்னர் தன்னிடம் மன்னிப்புக் கோரியதாகவும் அந்தக் காட்சி படத்தில் இடம்பெறவில்லை எனவும் அவர் கூறியது பலருடைய கவனத்துக்கும் தப்பிய விடயம். சோம்பேறி என்ற சொல் ஆவணமாயிற்று, மன்னிப்பு ஆவணமாகவில்லை.

பதினாறு வயதிலிருந்து எத்தனையோ பயிற்றுநர்களும் மருத்துவர்களும் உடற்கூற்று நிபுணர்களும் அலியைச் சூழ இருந்தனர். அவரது தசைநார் ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்பட்டது. அந்தப் பிள்ளை இங்கு வருவதற்கு முன்னர் எங்கே இருந்தது, என்ன கண்டது என்ற கேள்வியை ஒருவர் பொறுமையுடன் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாரா என்பதே இங்கு எழும் கேள்வி. கேட்கவில்லை என்று சொல்வதைவிட, கேட்டாலும் அவர் சொல்லியிருப்பாரா என்று ஐயுறுவதே நியாயமாகும். உண்மையைச் சொன்னால் இடம் பறிபோகும் என்று ஒரு வீரர் அஞ்சும் சூழலில் எந்தக் கேள்விக்கும் பயன் இல்லை.

இந்த அச்சத்தின் விலை என்ன என்பதை ஜேர்மனி கண்டது. அந்நாட்டின் எதிர்கால நட்சத்திரம் என்று பதின்ம வயதிலேயே கொண்டாடப்பட்ட செபஸ்தியன் டைஸ்லர் 2003 இல் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றார். 2007 ஜனவரியில், 27 வயதில், விளையாட்டிலிருந்து முற்றாக விலகினார். வெளிப்படையாகப் பேசிய அவரை அனுதாபத்துடன் பார்த்தவர்கள் இருந்தனர். பலவீனமானவர் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். ஹனோவர் கழகத்தின் இலக்குக் காப்பாளரும் ஜேர்மனி தேசிய அணி வீரருமான றொபேட் என்கே எவரிடமும் சொல்லவில்லை. அவரது சொந்த மகள் 2006 இல் இறந்திருந்தாள். தமது நோய் வெளியே தெரிந்தால் தத்தெடுத்த மகளையும் இழக்க நேரிடுமோ என்று அவர் அஞ்சியதாக, 2009 நவம்பரில் அவர் தன்னுயிரை மாய்த்துக் கொண்ட மறுநாள் அவரது மனைவி தெரேசா செய்தியாளர்கள் முன்னிலையில் கூறினார். என்கேயின் பெயரில் பின்னர் அமைக்கப்பட்ட மன்றம் மனச்சோர்வுற்ற விளையாட்டு வீரர்களுக்கு உதவி வருகின்றது.

மறுபுறத்தில் உதவி வேளைக்குக் கிட்டினால் என்ன நிகழும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஸ்பெயின் வீரர் அந்திரெஸ் இனியெஸ்டா 2009 கோடையில் கடும் மனச்சோர்வில் வீழ்ந்தார். அவரது நண்பரும் எஸ்பன்யோல் அணித்தலைவருமான தனி ஹார்க்கே அந்த ஓகஸ்டில் திடீரென மரணமடைந்தமை அவரை மேலும் உலுப்பியது. அவர் உளவியலாளரின் உதவியை நாடினார். கழகமும் அவருக்கு அவகாசம் அளித்தது. மறு ஆண்டு ஜூலையில் ஜொஹனஸ்பேர்க்கில் உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் ஒரேயொரு கோலைப் போட்டுவிட்டு அவர் மேலங்கியைக் கழற்றியபோது உள்ளங்கியில் ஹார்க்கேயின் பெயர் எழுதப்பட்டிருந்ததை உலகமே பார்த்தது. அந்தக் காட்சியைக் கண்ட எம்மில் எவருக்கும் அதற்கு முந்திய மாதங்கள் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

புக்காயோ சாக்காவின் கதையும் இவ்வகையினதே. 2021 ஜூலை 11 ஆம் திகதி வெம்பிளியில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டியில் தண்ட உதையைத் தவறவிட்டபோது அவருக்கு வயது 19. அவர் மீதும் ரஷ்போர்ட், சாஞ்சோ ஆகியோர் மீதும் இனவாத வசைகள் கொட்டப்பட்டன. வெற்றி பெறும்வரை எங்கள் பிள்ளை, தோற்றவுடன் வந்தேறி என்னும் மனப்பான்மை இங்கிலாந்துக்கு மட்டும் உரியதல்ல என்பதை இந்த நாட்டில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் விளக்கம் இன்றியே அறிவர். சாக்கா விடுமுறை முடிந்து ஆர்சனல் பயிற்சி நிலையத்துக்குத் திரும்பியபோது இரசிகர்கள் அனுப்பிய கடிதங்கள் ஒரு சுவர் முழுவதும் ஒட்டப்பட்டிருந்தன. சிறுவர்கள் எழுதியவையும் அவற்றுள் அடங்கும். அது உளவியல் சிகிச்சை அன்று. எனினும் அந்த இளைஞர் தனித்து விடப்படவில்லை என்பதற்கு அது சான்றாக அமைந்தது.

சாக்காவுக்குக் கடிதம் எழுத ஆயிரம் பேர் உண்டு. பட்டியலின் இரண்டாம் பிரிவில் உள்ளவனுக்கு எவர் எழுதுவார்?

கழகங்களின் தரப்பு நியாயத்தையும் கேட்க வேண்டும். நூற்றுக்கணக்கான சிறுவர்களைப் பயிற்றுவித்து விட்டு அவர்களை ஆயுள் முழுவதும் பின்தொடர எந்த நிறுவனத்தாலும் இயலாது என்கின்றனர். கல்வியைக் கைவிடாதிருக்க ஏற்பாடு செய்துள்ளோம், வீரர் நலன் அலுவலர்களை நியமித்துள்ளோம் என்றும் கூறுகின்றனர். இவற்றில் உண்மை இருக்கின்றது. ஆயினும் இலண்டனின் கிறிஸ்டல் பலஸ் கழகம் 2022 இல் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. பயிற்சியகத்திலிருந்து விடுவிக்கப்படும் 18 வயதுக்கு மேற்பட்ட இளைஞர்களுடன் மூன்று ஆண்டுகள் தொடர்பில் இருந்து தொழில், கல்வி, உளநலம் ஆகியவற்றில் துணைநிற்க ஒரு தனி அலுவலர் பொறுப்பாக்கப்பட்டார். பிரிமியர் லீக்கின் பெருஞ்செல்வந்தக் கழகங்களுள் ஒன்றல்ல கிறிஸ்டல் பலஸ். அதனால் இயலுமாயின் ஏனையவற்றால் ஏன் இயலாது? ஒரே வீரருக்காகக் கோடிக்கணக்கான பவுண்களைச் செலவிடும் கழகங்கள் பண நெருக்கடி பற்றிப் பேசுவது நகைப்புக்கு உரியது.

பெற்றோரையும் இங்கு தவிர்க்க முடியாது. புலம்பெயர்ந்த எம்மவர்களின் பிள்ளைகளும் இன்று இந்தப் பயிற்சியகங்களின் வாசலில் நிற்கின்றனர். வேல்ஸில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன் 2023 இல் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்காக விளையாடியபோது இலண்டன் முதல் யாழ்ப்பாணம் வரை மகிழ்ச்சி பரவியதில் வியப்பில்லை. அந்த மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொண்டோம். ஆனால் வைத்தியர், பொறியியலாளர் என்ற பழைய இரட்டைக் கனவுடன் மூன்றாவதாக உதைபந்தாட்ட வீரர் என்பதையும் சேர்த்துக் கொள்வோமாயின், எமது பிள்ளைகள் மீதான சுமையை மாற்றியவர்களாக அன்றி அதிகரித்தவர்களாகவே ஆவோம். ஓரத்தில் நின்று பயிற்றுநரைவிட உரத்துச் சத்தமிடும் தந்தை எந்த நாட்டுக்கும் பொதுவானவர். வீடு திரும்பும் வாகனத்தில் அந்தப் பிள்ளை அனுபவிக்கும் மௌனமும் அவ்வாறே.

இலங்கையில் இத்தகைய பயிற்சியகங்கள் இல்லை. எனவே இது எமது பிரச்சினை அன்று எனக் கருதுவோர் எமது பாடசாலை மைதானங்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி, யாழ். புனித பத்திரிசியார் கல்லூரி, தெல்லிப்பழை மகாஜனாவின் மாணவியர் அணி, கொழும்பு ஸாஹிரா, ஹமீத் அல் ஹுசைனி என்று உதைபந்தாட்டத்தைச் சுவாசமாகக் கொண்ட பாடசாலைகள் எம்மிடையே உள்ளன. மன்னாரில் புனிதர்களின் பெயர் தாங்கிய கழகங்கள் கிராமம் தோறும் உள்ளன. அங்கெல்லாம் பதினெட்டு வயதுவரை ஒரு மாணவன் ஊரின் நாயகன். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் அவன் எவரும் அல்லன். அவனைப் பெறுவதற்குத் தொழில்முறைக் கழகம் எதுவும் இங்கில்லை. விடுவிக்கும் கடிதம்கூட அவனுக்குக் கிடைப்பதில்லை. பாடசாலையின் கடைசி நாளே அந்தக் கடிதம்.

2023 ஜனவரியில் பீபா இலங்கையை இடைநிறுத்தியதும் அந்தத் தடை அவ்வாண்டு ஓகஸ்ட் வரை நீடித்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நிர்வாகிகளின் அதிகாரப் போட்டி பற்றியும் தேர்தல் பற்றியும் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. நாமும் எழுதினோம். தேசிய இளையோர் அணியில் இடம்பிடிக்கக் காத்திருந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஏழு மாதங்கள் என்னவாக இருந்தன என்று எழுதத் தவறி விட்டோம். வயதெல்லைப் போட்டிகளில் ஓர் ஆண்டு கழிந்தால் அது மீண்டும் வராது.

உளநலம் என்பது எமக்கு அந்நியமான சொல்லும் அல்ல. யுத்த காலத்தில் வடக்கில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் குறைந்த வளங்களுடன் உளநல சேவையைக் கட்டியெழுப்பினர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் உளவளத்துணை என்ற சொல் சாதாரண மக்களின் வாயிலும் புழங்கியது. பேரழிவின்போது கற்றுக் கொண்டதைப் பேரழிவு ஓய்ந்ததும் மறந்து விட்டோம் போலும். இன்றும் பாடசாலை மைதானங்களில் அடிபட்டு அழும் சிறுவனிடம் பெண்பிள்ளை போல் அழாதே என்று கூறும் பயிற்றுநர்களை நாம் காண்கின்றோம். பெரும்பாலும் அவர்கள் நல்லவர்கள். தமது பணத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பவர்கள். வேறு மொழி அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை என்பதே குறை. மதகுருவிடமோ மௌலவியிடமோ ஆறுதல் தேடிச் செல்வது நன்று. ஆனால் உறக்கமின்றி, உணவின்றி, எவருடனும் பேசாது வாரக்கணக்கில் இருக்கும் பிள்ளைக்கு மருத்துவ உதவியும் தேவை என்பதை அந்தப் பெரியவர்களே எடுத்துக் கூறினால் பல குடும்பங்கள் கேட்கும்.

கல்வி அமைச்சும் உதைபந்தாட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. பயிற்றுநர்களுக்கான கற்கைநெறிகளில் முழங்கால் காயத்துக்கு முதலுதவி கற்பிக்கப்படுகின்றதெனில் உள நெருக்கீட்டின் அறிகுறிகளை இனங்காண்பதற்கும் ஒரு நாளை ஒதுக்கலாம். அணியில் இடம் கிடைக்காதோரின் விபரத்தை அறிவித்தற் பலகையைப் பார்த்துத் தெரிந்து கொள்ள விடாது, ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே அழைத்துப் பயிற்றுநர் நேரில் கூறலாம். டீசைட் ஆய்வு சுட்டிய மூன்றாவது வாரத்தில் அவனுடைய வீட்டுக்கு ஒருமுறை சென்று வரலாம். இயலாவிடின் தொலைபேசியிலாவது பேசலாம்.

தேசிய உளநல உதவிச் சேவையின் தொலைபேசி இலக்கம் 1926. பாடசாலை விளையாட்டறைகளின் சுவர்களில் போட்டி அட்டவணைக்குப் பக்கத்தில் அதனையும் எழுதி வைக்கலாம்.